ஆட்டுக்கு எதுக்குடா றெக்கை?

கேள்வி: வணக்கம் ஐயா. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 26. போன வருடம் 2018 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். கோவையில் ஒரு கடையில் பாடி கிட் போடக் கேட்டேன். பின்னால் பெரிய விங், முன் பம்பருக்கு லிப், இரண்டு பக்கமும் சைடு ஸ்கர்ட், பின் பம்பருக்கு டிஃப்யூஸர், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் சொல்கிறார்கள். "மலையில ஓட்டுறவங்களுக்குத்தான் இது முக்கியம். பெண்டுல வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும், மைலேஜும் ரெண்டு கிலோமீட்டர் கூடும்" என்றார் கடைக்காரர். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி வண்டியை இறக்கித் தருவது இலவசமாம். என் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆட்டுக்கு எதுக்குடா றெக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பிக்கு வணக்கம். அப்பா சொன்னதில் முக்கால்வாசி சரி. கடைக்காரர் சொன்னதில் கால்வாசி சரி. சிக்கல் என்னவென்றால், அந்தக் கால்வாசி கோத்தகிரியில் கிடைக்காது. அதற்கு நீங்கள் அவிநாசி ரோட்டைத் தாண்டி நல்ல நாலுவழிச் சாலைக்குப் போக வேண்டும். போனாலும் போலீஸ் பிடிக்கும்.

குன்னூரில் முப்பது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் வயசுக்காரர்கள்தான். அவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். கடையில் எல்லாவற்றையும் ஸ்பாய்லர் என்றே சொல்வார்கள். ஸ்பாய்லர் என்றால் கெடுக்கிறது. எதைக் கெடுக்கிறது? கார் வேகமாகப் போகும்போது கூரை மேலே காற்று வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே அழுத்தம் குறையும். அதனால் வண்டியின் பின்பக்கம் லேசாக மேலே தூக்கப்படும். அந்தத் தூக்கலைக் கெடுக்கத்தான் கூரை ஓரத்திலோ டிக்கி விளிம்பிலோ ஒரு சின்ன மடிப்பு. விங் வேறு சாதி. விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மேலேயும் கீழேயும் காற்று போக இடம் விட்டுக் கால் வைத்து நிறுத்தியிருப்பார்கள். அது வண்டியைக் கீழே அமுக்கும். நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் விங் உருவத்தில் செய்த பிளாஸ்டிக். அது காற்றை எந்தக் கோணத்தில் வாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்தது கிடையாது.

அப்பா விட்ட கால்வாசி இங்கேதான் இருக்கிறது. இந்தச் சின்ன மடிப்பு வெறும் அலங்காரம் இல்லை. 1998ல் ஆடி டிடி என்ற கார் வந்தது. முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி வழவழவென்று பின்பக்கம், பார்க்க அவ்வளவு அழகு. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் 180 கி.மீ.க்கு மேல் போகும்போது சட்டென்று லேன் மாறினால் பின்பக்கம் பிடிமானம் விட்டு விபத்துகள் நடந்தன. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து, டிக்கி விளிம்பில் சின்ன ஸ்பாய்லர் ஒன்றை வைத்து, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பியையும் சேர்த்துக் கொடுத்தது. ஆகவே அந்தச் சாமானுக்கு வேலை உண்டு. ஆனால் 180 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இறங்கும்போதும் அதே கணக்கில்தான் இறங்கும். உங்களுக்காக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நாலு அடி நீளம், எட்டு அங்குல அகலத்தில் ஒரு விங். எல்லாம் அதற்குச் சாதகம், கோணம் சரி, சுத்தமான காற்று என்றே வைத்துக்கொண்டேன். கடல் மட்டத்தில் 200 கி.மீ. வேகத்தில் அது சுமார் 46 கிலோ அமுக்கும். 120ல் 16 கிலோ சொச்சம். கோத்தகிரி ரோட்டில் நேராக இருக்கிற துண்டில் நீங்கள் 40ல் போனால் ஒன்றரை கிலோ. உங்கள் டிக்கியில் கிடக்கிற ஜாக்கியே அதைவிடக் கனம். கொண்டை ஊசி வளைவில் 20ல் திரும்புவீர்கள். அங்கே 400 கிராம்கூடத் தேறாது, ஒரு தேங்காயைவிடக் குறைவு.

இதில் மலையின் பங்கும் உண்டு. உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் மேலே வந்ததும் மூச்சு வாங்குவது இதனால்தான். விங்குக்கும் அதே கதை.

இன்னொன்று. ஸ்விஃப்டில் இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்கிறது. விங்கோ பின் அச்சுக்கும் பின்னால் உட்காரும். துலாவின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை தூக்கும். ஏற்றத்தில் ஏற்கெனவே எடை பின்னால் சாய்ந்து, மழையில் முன் டயர் சுற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த விங் உண்மையிலேயே வேலை செய்தால்கூட, உங்களுக்கு வேண்டிய இடத்தில் செய்யாது!

"எஃப்1 காரெல்லாம் மொனாக்கோவில் பெரிய விங்கோடுதானே வளைகிறது" என்று ஒரு பையன் என்னை மடக்கினான். நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் (எஃப்1) ரேஸில் ஓட்டியதிலிருந்து இந்த மாதிரி விவரமாகக் கேட்கிறவர்கள் இங்கே அதிகம், எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் மொனாக்கோ ரேஸ் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. எஃப்1 வண்டியே அங்கே ஏறக்குறைய 50 கி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த ஒரு வளைவில் அத்தனை பெரிய விங்கும் சும்மாதான் நிற்கும். டயரும் சஸ்பென்ஷனும்தான் காரைத் திருப்பும். உங்களுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை தாண்டும் வரை மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவுகள்தான்.

மைலேஜ் கதைக்கு வருவோம். உங்கள் வண்டி நாலு பேரோடு சுமார் 1,200 கிலோ. பதினைந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மலை அதைப் பின்னால் இழுப்பது 80 கிலோ விசையோடு. அதே இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் காற்று தடுப்பது நாலு கிலோ. அந்த நாலு கிலோவில் பிளாஸ்டிக்கைக் கொண்டு எதை மிச்சப்படுத்தப் போகிறீர்கள்? சமவெளியில் 100ல் போனால் காற்றுத் தடை முப்பது கிலோவைத் தொடும், அங்கே வடிவத்துக்கு மதிப்பு உண்டு. அதே நேரம் கோணம் தப்பிய விங் அங்கே தடையைக் கூட்டத்தான் செய்யும். ரெண்டு கிலோமீட்டர் கூடும் என்றவரிடம் அதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார்.

இப்போது என் கதை. 1996ல் என்னிடம் ஒரு மாருதி 800 இருந்தது. சோழவரம் ரேஸ் படங்களைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். தெரிந்த ஃபைபர் பட்டறையில் சொல்லி ஒரு விங் செய்து, டிக்கிக் கதவில் நாலு ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினேன். ஒரு மாதம் ராஜா மாதிரி சுற்றினேன். முதலில் டிக்கி ஷாக் கனம் தாங்காமல் போனது. மார்க்கெட்டில் காய்கறிப் பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் தலையில் கதவு இறங்கியது. அன்றைக்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுத்து மழைக்காலம். ஓட்டை வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து விங்கைக் கழற்றியபோது போல்ட்டோடு சேர்ந்து தகடும் வந்தது, ரஸ்க் மாதிரி உதிர்ந்து. விங்குக்குக் கொடுத்ததைவிட டிங்கரிங்குக்கும் பெயின்ட்டுக்கும் கொடுத்தது அதிகம்.

அதனால்தான் சொல்கிறேன், நம் ஊரில் தகட்டில் ஓட்டை போடாதீர்கள். ஓட்டை வேண்டாம், டபுள் டேப்பில் ஒட்டுகிறோம் என்பார்கள். நல்ல டேப் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒட்டும் நேரத்தில் தகடு காய்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஒட்டினால் பசை விறைத்துக்கொண்டு மேலோட்டமாக உட்காரும், பிறகு ஒரு முனையிலிருந்து உரிய ஆரம்பிக்கும்.

முன் லிப் இன்னும் மோசம். 2018 ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ., அதுவும் காலி வண்டிக்கு. நாலு பேர் ஏறினால் குறையும். அதன் கீழே இரண்டு அங்குலம் தொங்கவிட்டால் என்ன மிஞ்சும்? கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்தாக இருக்குமே, அங்கே முதலில் உரசுவது லிப்பின் மூலைதான். எதிரே பஸ் ஏறி வரும்போது ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும், அது சட்டம், அப்பாவுக்குத் தெரியாததா. வழி விட்டு இடது சக்கரத்தைத் தாரிலிருந்து மண்ணில் இறக்குகிறீர்கள். மறுபடி தாரில் ஏறும்போது கரக்கென்று ஒரு சத்தம். போன மழையில் ஒரு வண்டி இப்படித்தான் வந்தது. லிப்பின் பாதி கழன்று தரையைத் தேய்க்க, பாலிதீன் கயிறு போட்டு பானட்டில் கட்டியிருந்தார்கள். லிப் போனது போகட்டும். போகும்போது பம்பரின் கிளிப் நாலையும் பிய்த்துக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பையும் இழுத்துவிட்டிருந்தது. அது டயரில் உரசிய வாடையோடு ஏழு கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறார். சைடு ஸ்கர்ட்டும் எஸ்டேட் ரோட்டில் இதே கதிதான். வண்டிக்கு அடியில் போகிற காற்றைப் பின்னால் சீராக வெளியேற்றுகிற டிஃப்யூஸர் என்று விற்பதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வண்டியின் அடிப்பகுதி முழுக்கத் தட்டையாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம், உங்கள் வண்டிக்கு அடியில் சைலன்ஸரும் ஆக்ஸிலும் தொங்குகின்றன.

ஸ்பிரிங் வெட்டுகிற வேலையை மட்டும், தம்பி, இலவசம் என்றாலும் வேண்டாம், பணம் கொடுத்தாலும் வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் குறைந்த தூரத்தில் அடியில் முட்டும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நகரவும் வாய்ப்புண்டு. அலைன்மென்ட் போய் டயர் ஒரு பக்கமாகத் தேயும். வளைவில் ஒட்டவேண்டும் என்று ஆசைப்பட்ட வண்டி முதலில் அங்கேதான் ஒட்டாமல் போகும்.

அப்படியானால் ஒட்டுவது எது? நாலு டயரும் ரோட்டைத் தொடுகிற, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுள்ள நாலு துண்டு ரப்பர். செகண்ட்ஹேண்ட் வண்டியில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்று இருந்தால் 2018ம் வருடம் 23வது வாரத்தில் செய்தது. உங்கள் வண்டிக்கு வந்த ஒரிஜினல் டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பட்டன், அதாவது டயரின் மேல் இருக்கிற ரப்பர் கட்டைகள், தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். சட்டப்படி பட்டன் உயரம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் தைல மர இலை நனைந்து கிடக்கிற ரோட்டில் நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன். மலை வண்டிகளில் முன் டயரின் வெளி ஓரம் முதலில் தேயும், நடுவில் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

அடுத்தது பிரேக். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் இறக்கம். அந்த 1,200 கிலோவை அவ்வளவு தூரம் இறக்குவதில் வெளியாகும் சக்தி 4.7 யூனிட் கரன்ட்டுக்குச் சமம். 20 டிகிரியில் இருக்கும் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூட்டை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். கியரைப் பிடித்து இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால் மொத்தமும் பிரேக்குக்கு. நியூட்ரலில் இறங்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தால் இன்றோடு விடுங்கள். ஏறின கியரில் இறங்கு என்று அப்பா ஆயிரம் முறை சொல்லியிருப்பார்.

பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 (இது ஆயிலின் தர எண்) ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அதுவே 140க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230ம் 155ம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். நம் மஞ்சு மூட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுவது நல்லது. உங்கள் வண்டிக்கு முந்தைய ஓனர் மாற்றினாரா என்று சர்வீஸ் புக்கில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 38,000ல் நாலு டயர், பிரேக் பேட், ஆயில், அலைன்மென்ட் எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கூரை ஓரத்துச் சின்ன ஸ்பாய்லருக்கும் வண்டி அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற கிட்டுக்கும் ஆர்டிஓ ஆபீஸில் ஒரே பார்வை இருக்காது. கூர்மையான விளிம்பு நடந்து போகிறவரைக் கிழிக்கும் என்பதை நீங்களும் யோசிக்க வேண்டும். எதைப் பொருத்தினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், கிளெய்ம் நேரத்தில் முதலில் போட்டோவைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை என்றால், அது தப்பில்லை. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்பது ஒரு நியாயமான ஆசை. அழகுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பாதுகாப்பு என்று சொல்லி அப்பாவிடம் வாதாடினால் தோற்பீர்கள். இத்தனை வருட பஸ் அனுபவம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மாடலுக்கென்றே கம்பெனி அக்சஸரியாக வருகிற, வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்த, கூரை ஓரத்தோடு ஒட்டி நிற்கிற சின்ன ஸ்பாய்லர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு விஷயம் கவனியுங்கள். பின் கண்ணாடியில் மேலே இருக்கிற பிரேக் லைட்டை அது மறைக்கக் கூடாது, மஞ்சில் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அந்த விளக்குதான். டிக்கியைப் பாதி திறந்து கையை விட்டால் அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும்.

டேப்பில் ஒட்டுவதாக இருந்தால் கோவையிலேயே, மத்தியான வெயிலில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க வண்டியைக் கழுவாதீர்கள். அன்றைக்கே மலையேற வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வெயில் வந்ததும் ஏறுங்கள். போவதற்கு முன்னால் அந்த டயர் எண்ணை மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.